துப்பாக்கியோடு வந்த மனுதாரர்கள்

2020 ஜனவரி 20, திங்கட்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் பொழுது விடியும்போதே வரிசை நீண்டுவிட்டது. கை விறைக்கும் குளிர். சட்டமன்றச் சதுக்கத்தைச் சுற்றிலும் வேலி. உள்ளே போக ஒரே வாசல், அங்கே மெட்டல் டிடெக்டர். துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் உள்ளே போனார்கள். வைத்துவிட்டு வர மனமில்லாதவர்கள் வேலிக்கு வெளியே தெருவை அடைத்து நின்றார்கள். தோளில் ஏ.ஆர்.-15 ரைஃபிள், மார்பில் குண்டு துளைக்காத கவசம், ராணுவச் சீருடை போன்ற உடை என்று சிலர். சாதாரணக் குளிர்கோட்டில், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் போலப் பலர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டையில் ஒட்டியிருந்தது ஒரு வட்டமான ஆரஞ்சு ஸ்டிக்கர்: 'துப்பாக்கிகள் உயிர் காக்கும்.'

அதிகாரிகள் கணக்குப்படி வந்தவர்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் 6,000 பேர் வேலிக்கு உள்ளே, 16,000 பேர் வெளியே. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அன்று கைதானது ஒரே ஓர் இளம்பெண். அவர் மேல் இருந்த புகார் துப்பாக்கி வைத்திருந்தார் என்பதல்ல, முகத்தைத் துணியால் மூடியிருந்தார் என்பது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை ஒடுக்குவதற்காக வர்ஜீனியா போட்டுவைத்த பழைய சட்டம் அது. கொரோனா வந்து, நாலே மாதத்தில் அதே அரசு எல்லோரும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது வேறு கதை.

உலகத் தொலைக்காட்சிகள் அன்று காட்டியது துப்பாக்கிகளை. அந்த மாநிலத்தின் துப்பாக்கிச் சட்டங்கள் என்ன ஆயின என்பது அடுத்த சில வாரங்களில், கேமரா அதிகம் எட்டிப் பார்க்காத குழு அறைகளில் முடிவானது.

மனு கொடுக்கும் நாள்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்களின் பெரும்பகுதி மாநிலங்களின் கையில் இருக்கிறது. யார் வாங்கலாம், எங்கே எடுத்துப் போகலாம், வீட்டுக்குள் புகுந்தவனைச் சுட்டால் கொலையா தற்காப்பா என்பதையெல்லாம் பெரிதும் மாநிலச் சட்டமன்றங்களே வகுக்கின்றன. எனவே துப்பாக்கி உரிமைக்காரர்கள் வாஷிங்டனைவிட அதிகமாக முற்றுகையிடுவது மாநிலத் தலைநகரங்களைத்தான்.

வர்ஜீனியா சட்டமன்றம் ஆண்டு முழுவதும் கூடுவதில்லை. ஜனவரியில் தொடங்கி, ஒற்றைப்படை எண் கொண்ட ஆண்டுகளில் ஒன்றரை மாதத்திலும் மற்ற ஆண்டுகளில் 60 நாட்களிலும் கடையை மூடிவிடும். கீழவையில் 100 பேர், மேலவையில் 40 பேர். ஆயிரக்கணக்கான மசோதாக்கள் இந்தச் சில வாரங்களுக்குள் குழுக்களில் பிழைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களும் தலைநகருக்கு வர முடிகிற நாள் என்பதால், அதுவே சங்கங்கள் எல்லாம் தங்கள் ஆட்களை உறுப்பினர்களின் அறைக்கதவுவரை கூட்டிவரும் 'லாபி டே' ஆனது.

துப்பாக்கி உரிமை பேசும் வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற அமைப்பு இந்த நாளைப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் தலைவர் ஃபிலிப் வான் கிளீவ். நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் என்கிற என்.ஆர்.ஏ.வின் தலைமையகமும் இதே மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸில்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளூர் அமைப்பு அதைவிடக் கறாரானது. என்.ஆர்.ஏ. பேரம் பேசி ஒத்துக்கொள்ளும் இடங்களிலும் இது ஒத்துக்கொள்ளாது. வழக்கமான ஆண்டுகளில் சில நூறு பேர் வருவார்கள், ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள், தங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்த்துப் பேசுவார்கள், வீடு திரும்புவார்கள். மின்னஞ்சலில் உறுப்பினர்களை உசுப்பிவிடுவது, தேர்தலுக்கு முன் வேட்பாளர்களிடம் கேள்வித்தாள் நீட்டுவது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பட்டியல் போடுவது எனத் தொழில் சுத்தமாகச் செய்கிற வேலை அது. சில நூறு ஏன் 22,000 ஆனது என்பதற்கு முந்தைய எட்டு மாதங்களைப் பார்க்க வேண்டும்.

90 நிமிடத்தில் கலைந்த சபை

2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் ஓர் ஊழியரே சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ஆளுநர் ரால்ஃப் நார்தம் ஜூலை 9 அன்று சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். (அமெரிக்க மாநில ஆளுநர் இந்தியாவில் உள்ளது போல நியமனப் பதவி அல்ல. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும், ஏறக்குறைய முதலமைச்சருக்கு நிகரான பதவி.) அப்போது இரு அவைகளிலும் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. ஒரு மசோதாவையும் விவாதிக்காமல் சுமார் 90 நிமிடத்தில் சபையை ஒத்திவைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த 90 நிமிடத்துக்கு நவம்பரில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. தேர்தலில் ஜனநாயகக் கட்சி கீழவையை 55-45 என்றும் மேலவையை 21-19 என்றும் பிடித்தது. ஆளுநர் பதவியும் இரு அவைகளும் ஒரே சமயத்தில் அந்தக் கட்சியின் கைக்கு வந்தது 20 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அப்போதுதான். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பிரசாரம் செய்யும் எவ்ரிடவுன் அமைப்பு அந்தத் தேர்தலில் சுமார் 25 லட்சம் டாலர் இறக்கியது. என்.ஆர்.ஏ. தன் சொந்த வாசலிலேயே அந்தத் தொகைக்கு அருகில்கூட வரவில்லை.

தோற்ற பக்கம் கோபத்தைக் காட்டத் தேர்ந்தெடுத்த இடம் கவுன்டி மன்றங்கள், அதாவது உள்ளாட்சி சபைகள். நவம்பர், டிசம்பரில் ஊர் ஊராக மன்றக் கூட்டங்களில் மக்கள் குவிந்தார்கள். இடம் போதாமல் வெளியிலும் நின்றார்கள். 'எங்கள் கவுன்டி அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்துக்குச் சரணாலயம்' என்று தீர்மானம் போடச் சொன்னார்கள். குடியேறிகளைக் காக்கும் 'சரணாலய நகரம்' என்ற எதிரணியின் சொல்லையே எடுத்து, 2018-ல் இல்லினாய் மாநிலத்தின் எஃபிங்ஹம் கவுன்டி தொடங்கிவைத்த உத்தி இது. வர்ஜீனியாவில் நூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் தீர்மானம் போட்டன. டாஸ்வெல் கவுன்டி ஒரு படி மேலே போய், குடிமக்கள் படை பற்றியும் தீர்மானம் நிறைவேற்றியது.

இவற்றுக்குச் சட்டபலம் இல்லை. மாநிலம் கொடுக்காத அதிகாரம் எதுவும் உள்ளாட்சிக்குக் கிடையாது என்பது வர்ஜீனியாவில் வேரூன்றிய நெறி. மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் டிசம்பர் 20 அன்று எழுத்துப்பூர்வமாகவே அதைச் சொன்னார். ஆனால் சட்டபலம் இல்லாத தீர்மானத்துக்கு அரசியல் பலம் இருந்தது. கிராமப்புறத் தொகுதிகளிலிருந்து வந்திருந்த சில ஜனநாயகக் கட்சி மேலவை உறுப்பினர்களின் வயிற்றில் அது புளியைக் கரைத்தது.

கல்பெப்பர் கவுன்டி ஷெரிஃப் ஸ்காட் ஜென்கின்ஸ், அரசு துப்பாக்கியைப் பறிக்க வந்தால் ஆயிரக்கணக்கான குடிமக்களைத் துணை ஷெரிஃப்களாக நியமித்துவிடுவேன் என்று அறிவித்து அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். பிற்பாடு அவர் நீதிமன்றத்தில் நின்றதும் துணை ஷெரிஃப் நியமனம் சம்பந்தமாகத்தான். பணம் வாங்கிக்கொண்டு பேட்ஜ் கொடுத்தார் என்ற லஞ்ச வழக்கில் 2024 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2025-ல் பத்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். சிறைக்குப் போகுமுன் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார்.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

- அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் 1791-ல் வந்தது. ஆயுதம் வைத்திருப்பது படைக்குரிய உரிமையா, தனி மனிதரின் உரிமையா என்ற சண்டைக்கு உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹெல்லர் வழக்கில் 5-4 என்ற கணக்கில் பதில் சொன்னது: தனி மனிதரின் உரிமை.
- 2010-ல் மெக்டொனால்ட் வழக்கு, அந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது.
- 2022 ஜூன் 23 அன்று ப்ரூயன் வழக்கு (6-3), வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல 'தனிப்பட்ட காரணம்' காட்டச் சொல்லும் நியூயார்க் சட்டத்தை ரத்து செய்தது.
- 2024-ல் ரஹிமி வழக்கு (8-1), குடும்ப வன்முறைத் தடை உத்தரவில் இருப்பவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்றது.
- 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

அந்த வாரம்

லாபி டே நெருங்க நெருங்க ரிச்மண்டில் பயம் பரவியது. 2017-ல் இதே மாநிலத்தின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர் பேரணியின்போது, எதிர்த்து நின்ற கூட்டத்துக்குள் காரை விட்டு ஒரு பெண்ணைக் கொன்ற நினைவு ஆறவில்லை. நார்தம் ஜனவரி 15 அன்று அவசர நிலை அறிவித்து, 17-ஆம் தேதி மாலையிலிருந்து சதுக்கத்துக்குள் ஆயுதங்களைத் தடை செய்தார். துப்பாக்கி உரிமைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரை போயும் தடை நிலைத்தது. இடையில் 16-ஆம் தேதி, 'தி பேஸ்' என்ற நவ நாஜிக் குழுவைச் சேர்ந்த மூவரை எஃப்.பி.ஐ. கைது செய்தது. ரிச்மண்ட் கூட்டத்தைப் பயன்படுத்தி வன்முறைக்குத் திட்டமிட்டதாக அவர்கள் மேல் புகார். அவர்களில் இருவருக்குப் பின்னர் தலா ஒன்பது ஆண்டு சிறை.

கூட்டம் அமைதியாகக் கலைந்ததை வைத்து, பயமெல்லாம் வீண் என்று ஒரு தரப்பு சொன்னது. மெட்டல் டிடெக்டரும் முன்கூட்டிய கைதும் இருந்ததால்தான் அமைதி என்றது மறு தரப்பு. இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. ஆனால் அன்று வராதவர்களை எண்ணினால் வேறொரு கணக்கு கிடைக்கிறது. துப்பாக்கிக்கு உறவினர்களைப் பறிகொடுத்தவர்கள் ஆண்டுதோறும் அதே நாளில் சதுக்கத்தின் மணிக்கூண்டு அருகே கூடி அஞ்சலி செலுத்துவது வழக்கம். அந்த ஆண்டு பாதுகாப்பு கருதி அதை ரத்து செய்தார்கள். கட்டுப்பாடு கேட்டு வந்த சில மாணவர்கள், காலையில் அந்தக் கூட்டத்தைக் கடந்து வர வேண்டாம் என்று முந்தின இரவே ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் படுத்துக்கொண்டார்கள். மிரட்டல் வந்த ஓர் உறுப்பினர் அன்று சட்டமன்றத்துக்கே வரவில்லை. ஒரு தரப்பு ரைஃபிளோடு மனு கொடுக்க வரும்போது, மறு தரப்பின் மனு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சுடாத துப்பாக்கிக்கும் விளைவு உண்டு என்பதை அன்று ரிச்மண்டில் காண முடிந்தது.

யாருடைய உரிமை?

கிங் பிறந்தநாளில் துப்பாக்கிப் பேரணியா என்று முகம் சுளித்தவர்கள் பலர். வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. 1956 ஜனவரியில் அலபாமாவின் மான்ட்கோமரியில் கிங் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு அவரே விண்ணப்பித்தார். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்றிருந்த காலம். மறுத்துவிட்டார்கள். பின்னாளில் கிங் ஆயுதத்தை அடியோடு துறந்தார்.

சட்டமன்றத்துக்குத் துப்பாக்கியோடு போவதையும் ரிச்மண்ட்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1967 மே 2 அன்று, கருப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் சுமார் 30 பேர், பலர் கையில் ஆயுதத்தோடு, கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்து போனார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்வதைத் தடுக்கும் மல்ஃபோர்ட் மசோதாவை எதிர்க்கத்தான் வந்தார்கள். விளைவு நேர்மாறாக முடிந்தது. மசோதா மேலும் இறுகி, ஜூலையிலேயே சட்டமானது. கையெழுத்துப் போட்ட ஆளுநர், பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் நாயகனான ரொனால்ட் ரீகன். அந்தச் சட்டத்தை என்.ஆர்.ஏ.வும் அன்று ஆதரித்தது. துப்பாக்கி ஏந்தி வந்த 30 கருப்பர்களுக்கு அந்த ஆண்டு கிடைத்த பதிலையும், 2020-ல் அப்படி வந்த பல்லாயிரம் வெள்ளையர்கள் சந்தித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த உரிமையைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சாகவே இருக்கும்.

பல்லாயிரம் பேர் தோற்ற இடம், நாலு பேர் வென்ற இடம்

நார்தம் கொண்டுவந்தவை எட்டு மசோதாக்கள். பேரணிக்குப் பிறகும் ஏழு நிறைவேறின. 2020 ஏப்ரலில் கையெழுத்தாகி, ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தனியார் விற்பனை உட்பட எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயமானது. கைத்துப்பாக்கி மாதம் ஒன்றுதான் வாங்கலாம் என்ற வரம்பு திரும்பியது (1993-ல் போட்டது, 2012-ல் எடுத்தது). துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ 48 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று தெரிந்தால் நீதிமன்ற ஆணையின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாம். 'ரெட் ஃபிளாக்' சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். பூங்காக்களிலும் அரசுக் கட்டடங்களிலும் துப்பாக்கியைத் தடை செய்யும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு வந்தது.

எட்டாவது மசோதாதான் கூட்டத்தை உண்மையில் தெருவுக்கு இழுத்தது. ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள்களின் விற்பனையையும், 12 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் தடை செய்யும் எச்.பி. 961. கீழவை 51-48 என்று நிறைவேற்றி அனுப்பியது. பிப்ரவரி 17 அன்று மேலவையின் நீதித்துறைக் குழுவில் நாலு ஜனநாயகக் கட்சியினர் எதிரணியோடு சேர, 10-5 என்ற வாக்கில் மசோதா அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. தள்ளிவைப்பது என்பது கௌரவமான சவ அடக்கம். அறையில் கைத்தட்டல் எழுந்தது.

அந்த நாலு பேர் மனம் மாறக் காரணம் பேரணியா, கவுன்டித் தீர்மானங்களா, மசோதாவின் சொற்களில் இருந்த குழப்பமா என்று பிரித்துச் சொல்வது கடினம். அப்போது தெளிவற்ற வரையறைகளைக் குறை சொன்னவர்கள் அவர்களிலேயே இருந்தார்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. நாலு பேரில் ஒருவரான கிரீ டீட்ஸ், 2024-ல் அதே போன்ற தடை மசோதாவைத் தானே முன்மொழிந்தார். அது இரு அவைகளையும் தாண்டியது. ஆளுநர் நாற்காலியில் அதற்குள் ஆள் மாறியிருந்தது.

பெட்டிச் செய்தி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பேராசிரியர்

வர்ஜீனியாவின் துப்பாக்கி விவாதத்தில் தமிழ்நாட்டு வீடு ஒன்றின் துக்கமும் கலந்திருக்கிறது. 2007 ஏப்ரல் 16 அன்று பிளாக்ஸ்பர்க்கில் உள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்று தானும் செத்தார். கொல்லப்பட்டவர்களில் கட்டடப் பொறியியல் துறைப் பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்தவர். நார்ரிஸ் ஹால் 206-ஆம் அறையில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். சுட்ட மாணவர், மனநலக் காரணத்துக்காகச் சிகிச்சை பெற வேண்டும் என்று ஏற்கெனவே நீதிமன்றம் உத்தரவிட்டவர். அந்தத் தகவல் துப்பாக்கி விற்பனைச் சோதனைப் பட்டியலில் ஏறவே இல்லை. அதனால் சோதனையில் சிக்காமல், கடையில் பணம் கொடுத்தே இரண்டு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அந்த ஓட்டையை அடைக்க மாநிலமும் மத்திய அரசும் ஓராண்டுக்குள் நடவடிக்கை எடுத்தன. தப்பியவர்களும் பெற்றோர்களும் அதன் பிறகு ஆண்டுதோறும் ரிச்மண்டுக்கு மனுவோடு வந்தார்கள். அன்று காயத்தோடு தப்பிய ஒரு மாணவியின் தாயான லோரி ஹாஸ், முழுநேர லாபியிஸ்டாகவே மாறினார்.

ஃப்ளோரிடா: கூட்டமே இல்லாமல் ஒரு சட்டம்

தற்காப்புச் சட்டத்தின் கதை ரிச்மண்டுக்குத் தெற்கே, ஃப்ளோரிடா தலைநகர் டாலஹாஸியில் எழுதப்பட்டது. எழுதவைத்தவர் என்.ஆர்.ஏ.வின் தலைவர் பதவிக்கு வந்த முதல் பெண்மணியான மேரியன் ஹேமர். இவர் தெருவுக்கு ஆள் சேர்க்கவில்லை. அவர் அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சல் ஒன்று போதும், தொகுதிக்காரர்களின் அழைப்புகளால் உறுப்பினரின் தொலைபேசி ஓயாது. நன்றி சொல்லவும் மறக்க மாட்டார், துரோகத்தை மன்னிக்கவும் மாட்டார் என்று பெயர். 1987-ல் தகுதியுள்ள எவருக்கும் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தந்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. மாநிலம் மாநிலமாக நகலெடுத்தார்கள்.

2005-ல் வந்தது 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்'. பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின்படி வீட்டுக்குள் ஒருவன் புகுந்தால் வீட்டுக்காரர் பின்வாங்க வேண்டியதில்லை. வீடு அவர் கோட்டை. ஆனால் தெருவில், ஆபத்தில்லாமல் விலகிப் போக வழியிருந்தால் விலக வேண்டும். ஃப்ளோரிடா அந்தக் கடமையை நீக்கியது. சட்டப்படி தான் இருக்கக்கூடிய எந்த இடத்திலும், உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால், விலகாமல் திருப்பித் தாக்கலாம். மேலவையில் 39-0, கீழவையில் 94-20. ஆளுநர் ஜெப் புஷ் கையெழுத்துப் போட்டார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மாதிரி மசோதா தயாரித்துக் கொடுக்கும் அலெக் என்ற அமைப்பின் வழியாக அது பரவியது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இந்த நெறி இருக்கிறது. வர்ஜீனியாவில் எழுதப்பட்ட சட்டமாக இல்லை. தவறு செய்யாதவர் பின்வாங்க வேண்டியதில்லை என்பது அங்கே தீர்ப்புகளின் வழியே வந்தது.

இந்தச் சட்டத்தின் பெயர் உலகுக்குத் தெரிந்தது 2012 பிப்ரவரி 26 அன்று, சான்ஃபோர்ட் நகரில். ஆயுதம் இல்லாத 17 வயதுக் கருப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினை ஜார்ஜ் ஸிம்மர்மன் என்ற குடியிருப்புக் கண்காணிப்புத் தன்னார்வலர் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார். போலீஸ் 44 நாட்கள் கைது செய்யவில்லை. வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் இந்தச் சட்டம் தரும் முன்கூட்டிய விடுவிப்பைக் கேட்காமல் சாதாரணத் தற்காப்பையே வாதிட்டார்கள். ஆனாலும் நீதிபதி நடுவர்களுக்குச் சொன்ன விளக்கத்தில் 'பின்வாங்கும் கடமை இல்லை' என்ற வாசகம் இருந்தது. 2013 ஜூலை 13 அன்று விடுதலையானார். சில நாட்களில் ட்ரீம் டிஃபென்டர்ஸ் என்ற இளைஞர் அமைப்பினர் ஆளுநர் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். 31 நாள் அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். சட்டம் அசையவில்லை. 2017-ல் அது இன்னும் வலுவானது. விடுவிப்பு விசாரணையில் தற்காப்பு இல்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலைக்கு மாறியது.

விளைவு என்ன? 2016-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, சட்டத்துக்குப் பின் ஃப்ளோரிடாவின் மாதாந்தரக் கொலை விகிதம் 24 சதவீதம் அளவு உயர்ந்து, அப்படியே நின்றதாகக் கண்டது. பல மாநில ஆய்வுகளைச் சலித்துப் பார்த்த ரேண்ட் நிறுவனமும், இத்தகைய சட்டங்கள் துப்பாக்கிக் கொலைகளைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆதாரம் வலுவாக இருப்பதாகச் சொல்கிறது. உயிரைக் காக்க என்று கேட்டு வாங்கிய சட்டத்துக்கு இது நல்ல மதிப்பெண் அல்ல. ஆதரவாளர்களின் பதில்: தாக்கப்பட்டவர் நொடியில் எடுத்த முடிவை, ஆற அமர உட்கார்ந்து நீதிமன்றம் எடைபோடுவது அநியாயம். குற்றம் நடக்கும்போது போலீஸ் நிமிடங்கள் தூரத்தில் இருக்கிறது. கிராமப்புறத்தில் அந்த நிமிடங்கள் அரை மணி. தனியாக வாழும் பெண்ணுக்கு இந்த வாதம் வெறும் வாதம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃப்ளோரிடாவே மறு திசையிலும் ஒருமுறை நகர்ந்தது. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதும், தப்பிய மாணவர்கள் பஸ் பிடித்து டாலஹாஸிக்குப் போனார்கள். துப்பாக்கி வாங்கும் வயது 21, மூன்று நாள் காத்திருப்பு, ரெட் ஃபிளாக் எல்லாம் அடங்கிய சட்டம் மார்ச் 9 அன்று கையெழுத்தானது. கையெழுத்திட்ட ஆளுநர் ரிக் ஸ்காட் அதுவரை என்.ஆர்.ஏ.வின் செல்லப்பிள்ளை. அதே நாளில் என்.ஆர்.ஏ. வழக்குப் போட்டது. ஐந்தாண்டு கழித்து, 2023-ல், லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டமும் அதே மாநிலத்தில் வந்தது.

பெட்டிச் செய்தி: எண்ணிக்கை

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை, 20,958 பேர் கொலை. தொலைக்காட்சி காட்டுவது கூட்டக் கொலைகளை, லாபியில் பேசுவது அந்நியர் தாக்குதலை. எண்ணிக்கையில் முதலிடம் தன்னைத்தானே சுட்டுக்கொள்பவர்களுக்கு. வீட்டுக்குள் ரெட் ஃபிளாக் சட்டத்துக்கு வேலை அதிகம் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

திரும்பும் அலை

ரிச்மண்ட் பேரணியின் கூட்டம் 2021-ல் வேறு வடிவில் வந்தது. கொரோனாவால் கார், பஸ் ஊர்வலம். அதற்குள் பிற மாநிலங்களும் ரிச்மண்டைப் பார்த்துவிட்டன. 2020 ஏப்ரல் 30 அன்று ஊரடங்கை எதிர்த்து மிஷிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ரைஃபிளோடு ஆட்கள் நுழைந்து, பார்வையாளர் மாடத்திலிருந்து சபையை எட்டிப் பார்த்தார்கள். கீழே இருந்த உறுப்பினர்கள் சிலர் குண்டு துளைக்காத உடை அணிந்து அமர்ந்திருந்தார்கள். 2021 ஜனவரியில், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, மிஷிகன் தன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்தது.

வர்ஜீனியாவில் 2021 நவம்பர் தேர்தல் மீண்டும் கணக்கை மாற்றியது. குடியரசுக் கட்சியின் க்ளென் யங்கின் ஆளுநரானார். கீழவையும் அவர் கட்சிக்குப் போனது. ஆனால் 2020-ன் ஏழு சட்டங்களைத் திரும்பப் பெற மேலவை விடவில்லை. 2023 தேர்தலுக்குப் பின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சிக்கு வர, புதிய மசோதாக்கள் வரிசைகட்டின. 2024 மார்ச் 26 அன்று ஒரே நாளில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 30 மசோதாக்களை யங்கின் நிராகரித்தார். டீட்ஸ் முன்மொழிந்த தடையும் அதில் ஒன்று. வர்ஜீனியாவில் ஆளுநர் தொடர்ந்து இருமுறை பதவி வகிக்க முடியாது. 2025 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் வென்றார்.

ஆக, 22,000 பேர் திரண்ட பிறகு ஒரு மசோதா தள்ளிப்போனது, மற்ற ஏழு மசோதாக்களைத் தடுக்க முடியவில்லை. அந்த ஏழையும் கொண்டுவந்தது ஒரு தேர்தல். அடுத்த முப்பதைக் கொன்றது இன்னொரு தேர்தல். ரைஃபிளைப் படம் பிடித்த பத்திரிகையாளர்களைவிட, குழு அறையில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த லாபியிஸ்டுகளுக்கு இது முன்பே தெரியும். வான் கிளீவுக்கும் தெரியும், லோரி ஹாஸுக்கும் தெரியும்.

லாபி டே மட்டும் நிற்கவில்லை. கிங் விடுமுறை நாளில் ரிச்மண்டுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர்கள் வருகின்றன. 2021 ஜூலை 1 முதல் அந்தச் சதுக்கத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரச் சட்டத்திலேயே தடை. ஸ்டிக்கருக்குத் தடை இல்லை.